ஐஸ் விற்கப் போய் ஜெயிலுக்குப் போனவர்... உங்க வைன் கூலர் கரன்ட் பில்லுக்கு இவர்கிட்ட பதில் இருக்கு!

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் நண்பர் ஒருத்தர் ஒரு வைன் கூலர் வாங்கினார். பன்னிரண்டு பாட்டில் பிடிக்கும். கண்ணாடிக் கதவு, உள்ளே நீல லைட், பார்க்கவே செம லுக். ஹாலில் வைத்தால் அம்மா முறைப்பாங்க என்பதால் மொட்டை மாடி ரூமில் வைத்தார். மேலே ஷீட் கூரை. மே மாசம் கரன்ட் பில் எகிறியது. சரி, பாட்டிலாவது ஜில்லென்று இருக்கிறதா என்று எடுத்துப் பார்த்தால், அதுவும் இல்லை. ராத்திரி பகலா மெஷின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

புதுச்சேரியில் இது ஆச்சர்யமான விஷயம் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் கிளம்பிட்டாங்க. வைன் மட்டும் கிளம்பவில்லை. ஒயிட் டவுன் ரெஸ்டாரன்ட்டில் பார்த்த கூலரை வீட்டிலும் வைக்கலாமே என்று நிறைய பேர் நினைக்கிறாங்க. வாங்கும்போது விலையைப் பார்க்கிறோம், எத்தனை பாட்டில் பிடிக்கும் என்று பார்க்கிறோம். மாசா மாசம் எத்தனை யூனிட் இழுக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கரன்ட்டே இல்லாத காலத்தில் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர் இருந்தார். அவருடைய பிசினஸின் பெயரை நீங்க ஆயிரம் தடவை சொல்லியிருப்பீங்க. ஈசிஆரில் பஸ் பிடித்து சென்னை போய், மெரினா பக்கம் போகிறவர்கள் கண்டக்டரிடம் கேட்கும் அதே பெயர்தான். ஐஸ் ஹவுஸ்!

காமராஜர் சாலையில், கடலைப் பார்த்தபடி வட்டமான முகப்போடு நிற்கிறதே விவேகானந்தர் இல்லம், அதுதான் அந்த ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் குளத்தில் உறைந்த ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து அங்கேதான் வைத்தார்கள். கொண்டுவந்தவர் பெயர் ஃப்ரெடரிக் டியூடர். உலகம் அவருக்கு வைத்த பட்டப்பெயர், ஐஸ் கிங்.

படிப்பு வேண்டாம் என்ற பணக்கார வீட்டுப் பிள்ளை

டியூடர் 1783 செப்டம்பர் 4-ம் தேதி பாஸ்டனில் பிறந்தார். அப்பா வசதியான வக்கீல். அண்ணன் வில்லியம் ஹார்வர்டில் படித்தவர். இவரோ 13 வயசிலேயே படிப்பை விட்டுவிட்டார்.

பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் குளம் குட்டையெல்லாம் உறைந்துவிடும். பணக்காரர்கள் அதை வெட்டி, தங்கள் பண்ணையில் ஒரு கிடங்கில் வைத்து, கோடையில் ஐஸ்க்ரீம் செய்து சாப்பிடுவார்கள். டியூடர் வீட்டிலும் அப்படித்தான். அவர்களுக்கு ஐஸ் இலவசம். வானத்திலிருந்து வரும் மழை மாதிரி.

1801-ல் உடம்பு சரியில்லாத சகோதரர் ஜானை அழைத்துக்கொண்டு கியூபாவின் ஹவானாவுக்குப் போனார். மாறுதலான காற்று உடம்பைத் தேற்றும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் அங்கே அடித்த வெக்கையில் இருவருமே சுருண்டுபோனார்கள். அதற்கப்புறம் கொஞ்ச காலத்திலேயே ஜான் இறந்துவிட்டார். வெக்கை என்றால் என்ன என்று தெரியாமல் வளர்ந்த ஒரு பையனுக்கு அது முதல் அனுபவம். நம்ம ஊர் மே மாசத்தை ஒரு தடவை பார்த்த வெளிநாட்டுக்காரர் மாதிரி.

நாலு வருஷம் கழித்து, 1805-ல், அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோது வந்ததுதான் அந்த ஐடியா. இங்கே சும்மா கிடக்கும் ஐஸை, வெயிலில் தவிக்கும் ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றால் என்ன? அண்ணனுக்கு அது விளையாட்டுப் பேச்சு. தம்பி அதைச் சீரியஸாக எடுத்துக்கொண்டார்.

ஊரே சிரித்த முதல் கப்பல்

ஐஸை ஏற்ற எந்தக் கப்பல்காரரும் முன்வரவில்லை. உருகினால் கப்பலுக்குள் தண்ணீர் நிற்கும், மற்ற சரக்கு கெடும், கப்பலே கவிழும் என்று பயம். டியூடர் சுமார் 4,750 டாலர் கொடுத்து ஃபேவரிட் என்ற கப்பலையே வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு 22 வயசு. 1806 பிப்ரவரியில் 130 டன் ஐஸோடு கப்பல் கிளம்பியது. உள்ளூர் பத்திரிகை அந்தச் செய்தியைப் போடும்போது, இது ஜோக் இல்லை என்று தனியாக விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது!

போன இடம், கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவு. புதுச்சேரி மாதிரியே அதுவும் பிரெஞ்சுக்காரர்களின் ஊர். மார்ச் 5-ம் தேதி கப்பல் போய்ச் சேர்ந்தது. ஐஸ் நல்லபடியாகவே இருந்தது. சிக்கல் கரையில்தான். அண்ணனும் இன்னொரு உறவினரும் முன்கூட்டியே போய் வியாபார அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆனால் ஐஸைப் பாதுகாக்கும் கிடங்கு அங்கே கட்டப்படவில்லை.

கப்பலில் வைத்தே விற்றார். வாங்கியவர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெயிலில் வைத்தார்கள், தண்ணீரில் போட்டார்கள், உருகிப்போனதும் கோபப்பட்டார்கள். உள்ளூரில் ஒரு கேளிக்கைத் தோட்டம் நடத்தியவரிடம், ஐஸ்க்ரீம் செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார் டியூடர். இந்த வெயிலில் அதெல்லாம் நடக்குமா என்று அவர் நம்பவே இல்லை. செய்து காட்டியதும் நல்ல விற்பனை. ஆனாலும் தினம் தினம் கப்பலின் அடியில் அவருடைய முதலீடு தண்ணீராக வடிந்துகொண்டிருந்தது. கடைசியில் ஆயிரக்கணக்கான டாலர் நஷ்டம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. கடல் கடந்து வந்தபோது நின்ற ஐஸ், ஊருக்குள் வந்ததும் கரைந்தது. ஏன்? கப்பலில் அதைச் சுற்றி அடைப்பு இருந்தது, கரையில் இல்லை. மாடி ரூமில் இருந்த என் நண்பரின் கூலருக்கும் இதே கதிதான்.

கடன், வாரன்ட், ஜெயில்

அடுத்து நடந்தது, ஸ்டார்ட்-அப் கதைகளில் யாரும் சொல்ல விரும்பாத பகுதி. 1807-ல் ஹவானாவுக்கு ஐஸ் அனுப்பினார், நஷ்டம். அதே வருஷக் கடைசியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு வர்த்தகத்துக்கே தடை போட்டது. அப்பாவும் நில முதலீட்டில் சொத்தை இழந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளை என்ற மெத்தை போய்விட்டது. கடன் கொடுத்தவர்கள் கதவைத் தட்ட, 1812-லும் 1813-லும் கடனாளிகளுக்கான சிறையில் இருக்க வேண்டிவந்தது.

வெளியே வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? இன்னும் 2,100 டாலர் கடன் வாங்கினார்! 1815 கடைசியில், வாரன்ட்டோடு ஆட்கள் தேடிக்கொண்டிருந்தபோதே ஹவானாவுக்குக் கப்பலேறினார். இந்தத் தடவை ஐஸை நம்பிப் போகவில்லை. கிடங்கு கட்டுவதற்கான பொருள்களோடு போனார்.

பத்து வருஷ அடியில் அவர் கற்றுக்கொண்டது ஒரே விஷயம்தான். ஐஸ் கிடைப்பது பிரச்னையே இல்லை, குளத்தில் அது சும்மா கிடைக்கிறது. உள்ளே வரும் சூட்டை நிறுத்துவதற்குத்தான் காசு.

கையில் வாட்ச்சோடு நின்ற மனிதர்

ஹவானாவில் இரட்டைச் சுவர் வைத்து ஐஸ் ஹவுஸ் கட்டினார். இடையில் எதை அடைத்தால் சூடு குறைவாக நுழையும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்: வைக்கோல், மரச்சீவல், போர்வை. கையில் கடிகாரத்தோடு நின்று, கீழே வடியும் தண்ணீரை அளந்தார். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வடிகிறது, கதவைத் திறந்தால் எவ்வளவு கூடுகிறது, அடைப்பை மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்று எல்லாவற்றையும் கணக்கெடுத்தார்.

அவருக்கு ஜாக்பாட்டாக அமைந்தது மரத்தூள். அவர் ஊர்ப் பக்கம் மர அறுவை மில்களில் வேண்டாத குப்பையாகக் குவிந்து கிடந்த சமாசாரம். துகள்களுக்கு நடுவே சிக்கிக்கொண்ட காற்று சூட்டை லேசில் கடத்தாது. இன்று உங்க ஃப்ரிட்ஜ் சுவருக்குள் இருக்கும் நுரை செய்வதும் அதே வேலைதான்.

இன்னொரு தந்திரமும் செய்தார். மதுக்கடைக்காரர்களுக்கு ஐஸை இலவசமாகக் கொடுத்து, ஜில் பானத்தையும் சாதா பானத்தின் விலைக்கே விற்கச் சொன்னார். ஒரு வாரம் ஜில்லென்று குடித்தவர் அப்புறம் சாதாவுக்குத் திரும்ப மாட்டார் என்பது அவர் கணக்கு. முதல் மாசம் ஃப்ரீ, அடுத்த மாசம் சப்ஸ்க்ரிப்ஷன். இன்றைய ஆப்களுக்கெல்லாம் அவர்தான் முன்னோடி!

1825-ல் நத்தானியல் வைத் என்பவர் குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கருவியைச் செய்துகொடுத்தார். ஒரே அளவுக் கட்டிகளாக வெட்ட முடிந்ததால் அவற்றை இடைவெளியில்லாமல் அடுக்கலாம், காற்று புகும் இடம் குறையும், உருகுவதும் குறையும். வெட்டுக்கூலியும் இறங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அவர் ஐஸ் போன மார்த்தினிக், ஹவானா, சார்ல்ஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் எல்லாமே அடிமைகளின் உழைப்பில் ஓடிய ஊர்கள். வெயிலில் கரும்பும் பருத்தியும் வெட்டியவர்கள் ஒரு பக்கம். நிழலில் உட்கார்ந்து ஜில்லென்று குடித்தவர்கள் மறு பக்கம். டியூடரின் கஸ்டமர்கள் இரண்டாவது கூட்டம்தான்.

ஐஸ் ஏறி வந்த கப்பல்

1833 மே மாசம் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நாலு மாசப் பயணம். பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டணும். கப்பலின் உட்புறத்தில் பலகை அடித்து, மரப்பட்டைத் தூள் நிரப்பி, மேலே வைக்கோல் போட்டு மூடியிருந்தார்கள். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது. ஐஸ் ஹவுஸ் கட்ட அங்கிருந்த ஆங்கிலேயர்கள் நன்கொடை திரட்டினார்கள்.

இந்த வெற்றி டியூடரைக் காப்பாற்றியது என்றே சொல்லணும். அதே காலகட்டத்தில் காபி வியாபாரத்தில் சூதாட்டம் மாதிரி பணத்தைப் போட்டு, 2 லட்சம் டாலருக்கு மேல் கடனில் விழுந்திருந்தார். 1834-ல்தான் கல்யாணம்; அவருக்கு 50 வயசு, மணப்பெண் யூஃபீமியாவுக்கு 19. அந்தக் கடனை அடைக்கச் சுமார் பதினைந்து வருஷம் ஆனது. அடைக்க உதவியதில் பெரிய பங்கு இந்திய ஐஸ் வியாபாரத்துக்கு உண்டு.

மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது 1842-ல். அப்போ அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். மசூலா படகுகளில்தான் சரக்கு அலைகளைத் தாண்டிக் கரைக்கு வரணும். ஒவ்வொரு நிமிஷமும் சரக்கு உருகிக்கொண்டிருக்கும். அதனால்தான் கடற்கரையை ஒட்டியே ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டுவதைப் பக்கத்திலேயே குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் தோரோ பார்த்தார். தன் குளத்துத் தண்ணீரை மெட்ராஸ்காரர்கள் குடிப்பதை நினைத்து வியந்து தன் புத்தகத்தில் எழுதியும் வைத்தார்.

1856-ல் பாஸ்டனிலிருந்து வெளியூர்களுக்குப் போன ஐஸ் சுமார் 1,46,000 டன். ஒரு காலத்தில் ஜோக்காகப் பார்க்கப்பட்ட சரக்கு! 1864 பிப்ரவரி 6-ம் தேதி, 80 வயசில் டியூடர் பாஸ்டனில் இறந்தார்.

அப்புறம் மெஷின் ஐஸ் வந்தது. கப்பல் ஐஸுக்கு வேலை இல்லாமல் போனது. மெட்ராஸ் ஐஸ் ஹவுஸை பிலிகிரி ஐயங்கார் வாங்கி வீடாக மாற்றினார். சுற்றிலும் வராந்தாவும் ஜன்னல்களும் அப்போதுதான் சேர்ந்தன. ஐஸ் குடியிருக்க ஜன்னல் தேவையில்லை, மனுஷன் குடியிருக்கத் தேவை! 1897-ல் விவேகானந்தர் தங்கியது அந்த வீட்டில்தான்.

சரி, உங்க கூலருக்கு வருவோம்

டியூடருக்கு வடிந்த தண்ணீர் எப்படியோ, உங்களுக்கு மீட்டரில் ஓடும் யூனிட் அப்படி. பாட்டிலை ஒரு தடவை ஜில்லாக்க ஆகும் செலவு ரொம்பக் குறைவு. கண்ணாடி வழியாகவும் கதவு இடுக்கு வழியாகவும் உள்ளே வந்துகொண்டே இருக்கும் சூட்டை வெளியே தள்ளத்தான் மாசம் முழுக்கக் கரன்ட் போகிறது.

சின்ன கூலர்களில் இரண்டு வகை. ஒன்று, ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரஸர் வைத்தது. இன்னொன்று, சத்தமில்லாத தெர்மோஎலெக்ட்ரிக் வகை. இது பெல்டியே என்ற பிரெஞ்சுக்காரர் 1834-ல் கண்டுபிடித்த விளைவில் இயங்குவது. கடிகாரம் செய்துகொண்டிருந்து விஞ்ஞானியானவர் அவர். இரண்டு உலோகங்கள் சேரும் இடத்தில் கரன்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். விலை குறைவு, அதிர்வு இல்லை. ஆனால் ரூம் சூட்டைவிட ஓரளவுக்குத்தான் கீழே இறக்க முடியும். ரூமே 38 டிகிரியில் கொதித்தால், செட் செய்த 12 டிகிரிக்கு அது போகவே போகாது. எட்டாத இலக்கைத் துரத்தி 24 மணி நேரமும் ஓடும். என் நண்பர் வாங்கியது இந்த வகைதான்.

கணக்கு ஈஸி. 70 வாட் தெர்மோஎலெக்ட்ரிக் கூலர் நாள் முழுக்க ஓடினால் 1.68 யூனிட், மாசத்துக்குச் சுமார் 50 யூனிட். 90 வாட் கம்ப்ரஸர் கூலர், விட்டு விட்டு மொத்தம் 8 மணி நேரம் ஓடினால் 0.72 யூனிட், மாசத்துக்குச் சுமார் 22 யூனிட். வாட் அதிகமாக இருப்பதற்குத்தான் செலவு குறைவு! உங்க கடைசி ஸ்லாப் ரேட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாசம் 300 ரூபாய்க்கும் 132 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். வருஷத்துக்குச் சுமார் 2,000 ரூபாய்.

அதென்ன கடைசி ஸ்லாப்? புதுச்சேரியில் வீட்டு மின்சாரம் ஸ்லாப் முறையில்தான் பில் ஆகிறது. யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடும். ஃபேன், லைட், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏற்கெனவே ஓடுகிற வீட்டில் புதிதாகச் சேரும் கூலரின் யூனிட் விழுவது கடைசியாக, அதாவது விலை கூடுதலான ஸ்லாப்பில். சராசரி ரேட்டைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் ஏமாந்துபோவீங்க. பில்லை எடுத்து உங்களுக்கு வந்திருக்கும் கடைசி ரேட்டால் பெருக்குங்க.

இனி டியூடர் வழியில் நாலு வேலை.

முதலில், இடம். வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்க. பின்னாலும் பக்கத்திலும் காற்றுக்கு இடம் விடுங்க. வெளியே தள்ளின சூடு அங்கேயே சுற்றினால் திரும்ப உள்ளேதான் வரும்.

இரண்டாவது, டெம்பரேச்சர். ரூம் 35 டிகிரி என்றால், 12-ல் வைக்கும்போது வித்தியாசம் 23. 16-ல் வைத்தால் 19. உள்ளே நுழையும் சூடு கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறையும். ரெட் வைனை 16 டிகிரியில் தாராளமாகப் பரிமாறலாம். ஒயிட் என்றால் குடிக்கும் முன் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் முடிந்தது.

மூன்றாவது, கதவு. ரப்பரில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுத்துப் பாருங்க. சுலபமாக வந்தால் இடுக்கு இருக்கிறது. நம்ம கடற்கரை ஈரக்காற்று உள்ளே போனால், அந்த ஈரத்தைத் தண்ணீராக்கவும் சேர்த்து கரன்ட் போகும்.

நாலாவது, அளந்து பாருங்க. சாக்கெட்டில் மாட்டும் எனர்ஜி மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. ஒரு நாள் முழுக்க மாட்டி, வரும் யூனிட்டை 30-ஆல் பெருக்குங்க. மே மாசத்தில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை பார்த்தால் வெக்கையின் விலை தெரிந்துவிடும்.

வீட்டில் மூணு பாட்டில்தான் இருக்கிறது, அதுவும் அடுத்த மாசம் காலியாகிவிடும் என்றால், கூலரே வேண்டாம். ஏற்கெனவே ஓடுகிற ஃப்ரிட்ஜின் கதவோரம் போதும். வைனே தொடாதவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். கூலர் என்ற இடத்தில் ஃப்ரிட்ஜ் என்று போட்டுக்கொள்ளுங்க.

என் நண்பர் கூலரைக் கீழே கொண்டுவந்து மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டார், 16 டிகிரியில். இப்போ நடுநடுவே மெஷின் நிற்கிறதாம். அம்மா முறைக்கிறாங்களா என்று கேட்டேன். பில்லைக் காட்டினதுக்கு அப்புறம் முறைக்கலையாம்; பாதி இடத்தில் மல்லிப்பூ வைக்க ஆரம்பிச்சுட்டாங்களாம்.